காலித் தொட்டியின் எடை: தினமும் ஓட்டச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரா, டிரக்கா?

அமெரிக்காவில் ஒருவர் "என் டிரக்" என்று சொன்னால் லாரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து பேர் உட்காரும் கேபின், அதற்குப் பின்னால் மூடியில்லாத ஒரு தொட்டி: பிக்கப் வண்டியைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் வேறெந்த டிரக்கையும் விட அதிகமாக விற்றுவருகிறது. விவசாயிக்கும் தச்சருக்கும் என்று பிறந்த வண்டி. ஆனால் காலையில் வேலைக்குப் போகும் கூட்டத்தில் நின்று பார்த்தால், பல டிரக்குகளின் கேபினில் ஒரே ஆள், தொட்டியில் வெறும் காற்று.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, பின்சக்கர இயக்கம். ஞாயிற்றுக்கிழமை பொம்மை என்று பலர் ஒதுக்கினாலும், மழையிலும் பனியிலும் அதையே வேலைக்கு ஓட்டிப் போகிறவர்கள் உண்டு.

இரண்டில் எது தினசரிக்கு என்ற பேச்சு பெரும்பாலும் ரசனைச் சண்டையாக முடிந்துவிடும். எடை, உயரம், முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் என்ற மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும். ஒப்பிடுவதற்கு இரண்டு குறிப்பிட்ட வண்டிகள்: 2019-க்குப் பிந்தைய மியாட்டா, 2.0 லிட்டர் எஞ்சின், 181 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 2021-இல் வந்த தலைமுறை எஃப்-150, நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், ஐந்தரை அடித் தொட்டி, 3.5 லிட்டர் டர்போ வி6, 400 குதிரைத்திறன். மியாட்டாவின் எடை சுமார் 1,060 கிலோ. டிரக் 2,250 கிலோ அளவில். ஒன்றுக்கு இரண்டுக்கும் மேல்.

பெட்ரோல் கணக்கு நினைப்பது போல் இல்லை

சமவெளியில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னால் இழுக்கின்றன. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளும் தடை, எடைக்கு ஏற்பக் கூடும். காற்றின் தடை, வண்டியின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும்.

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மியாட்டாவின் முகப்புப் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர், வடிவத்தைக் குறிக்கும் இழுவைக் குணகம் 0.36 என்று கொண்டால் காற்றின் தடை ஏறக்குறைய 340 நியூட்டன். உருளும் தடை 120 அளவில். இரண்டும் சேர்ந்து 460. இதை வெல்ல 14 கிலோவாட், அதாவது 19 குதிரைத்திறன் போதும். 181-இல் மிச்சமெல்லாம் அந்த நேரத்தில் தூங்குகிறது. டிரக்கின் முகம் 3.3 சதுர மீட்டர் அளவில், குணகம் 0.4 பக்கம். காற்று மட்டும் 740 நியூட்டன், உருளும் தடை 230. மொத்தம் 970. தேவைப்படுவது சுமார் 30 கிலோவாட், 40 குதிரைத்திறன்.

இரண்டு மடங்குக்கும் மேல் திறன் தேவை என்றால் பெட்ரோலும் இரண்டு மடங்கு குடிக்க வேண்டும்தானே? அப்படி நடப்பதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நெடுஞ்சாலை அளவீட்டில் மியாட்டா கேலனுக்கு 34 மைல், டிரக் 23 மைல். லிட்டருக்கு 14.5 கி.மீ., 9.8 கி.மீ. வித்தியாசம் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது.

காரணம் எஞ்சின் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. மியாட்டாவின் ஆறாவது கியர் நேர் விகிதம் (1.000), பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் விகிதம் 2.866. 17 அங்குலச் சக்கரத்தில் 110 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்றுகள் சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில் அதனால் தர முடிந்த முறுக்குவிசையில் கால் பங்கு சொச்சமே கேட்கப்படுகிறது. மிச்சத்தைத் தடுத்துவைக்க, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு பெரும்பாலும் மூடியிருக்கும். மூடிய வாயில் வழியாகக் காற்றை உறிஞ்சும் பிஸ்டன்கள், உறிஞ்சுவதற்கே ஆற்றலைச் செலவழிக்கின்றன. டிரக்கின் பத்து கியர் பெட்டியில் கடைசி கியர் 0.636, 3.55 ஆக்சில் விகிதத்தோடு அதே வேகத்தில் எஞ்சின் 1,600 சுற்றுதான். த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கும், உறிஞ்சும் இழப்பு குறையும். பெரிய உடம்பைச் சுமந்தாலும் டிரக் சோம்பலாக நடக்கிறது. சின்ன வண்டி துள்ளிக்கொண்டே போகிறது. மேனுவல் மியாட்டாவை நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் "இன்னொரு கியர் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று கையைத் தூக்குவது இதனால்தான்.

நகரத்தில் கதை மாறும். அங்கே காற்று பெரிய எதிரியல்ல, நிற்பதும் கிளம்புவதும்தான். 50 கி.மீ. வேகத்தில் ஓட்டுநரோடு மியாட்டாவிடம் இருக்கும் இயக்க ஆற்றல் 110 கிலோஜூல். டிரக்கிடம் 220-க்கு மேல். சிக்னலில் பிரேக் போட்டால் அவ்வளவும் பிரேக் தட்டுகளில் சூடாகிப் போய்விடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் 32 மெகாஜூலில் கால் பங்கு சக்கரத்துக்கு வருவதாக வைத்தால், ஒரு முறை நின்று கிளம்ப மியாட்டாவுக்கு 14 மில்லிலிட்டர், டிரக்குக்கு 28. டிரக்கின் சுமைத் தொட்டி காலியாக இருந்தாலும் இந்த 28 குறைவதில்லை. தொட்டியைத் தாங்கும் சட்டகம், தடித்த ஆக்சில், பெரிய பிரேக், முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டு எல்லாம் தினமும் அலுவலகத்துக்கு வந்துபோகின்றன.

அந்த முகமை ஆண்டுச் செலவைக் கணக்கிட எடுத்துக்கொள்வது 15,000 மைல், சுமார் 24,000 கி.மீ. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் மியாட்டா கேலனுக்கு 29 மைல், டிரக் 20. ஆண்டுக்கு 1,960 லிட்டருக்கு எதிராக 2,840 லிட்டர், மிச்சம் 880. ஆனால் மியாட்டாவுக்கு மாஸ்டா பரிந்துரைப்பது பிரீமியம் பெட்ரோல்; டிரக் சாதாரணப் பெட்ரோலிலேயே ஓடும். பிரீமியம் நான்கில் ஒரு பங்கு விலை கூடுதல் என்று கொண்டால் அந்த 880 லிட்டர் மிச்சம் பணமாகும்போது 390 லிட்டருக்கு ஈடாகச் சுருங்கிவிடும். பெட்ரோலை மட்டும் காரணமாக வைத்து மியாட்டா வாங்குவது அசட்டுத்தனம். கொஞ்சம் வேகம் குறைந்தால் பரவாயில்லை என்பவர் சாதாரணப் பெட்ரோல் ஊற்றலாம். எஞ்சின் தீப்பொறி நேரத்தைத் தானே தள்ளிவைத்துச் சமாளித்துக்கொள்ளும்.

நெரிசலில் கிளட்ச் பற்றி ஒரு சொல். நின்ற நிலையிலிருந்து கிளட்ச் வழுக்கிப் பிடிக்கும்போது வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய சமமான அளவு தட்டில் வெப்பமாகிறது. லேசான வண்டியில் அது சொற்பம். மியாட்டாவின் முதல் கியர் 5.087; ஐடிலிங்கில் கிளட்சை முழுவதும் விட்டால் வண்டி மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் தானே ஊர்ந்து போகும். முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு கார் நீளம் இடம் விட்டு இப்படி ஊர்ந்தால், நெரிசலில் கால் வலி பாதியாகும். அரை கிளட்சில் தொங்குவதுதான் தட்டைத் தின்னும் பழக்கம்.

முதுகு சொல்லும் தீர்ப்பு

வீல்பேஸ் என்பது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம். மியாட்டாவுக்கு 2.31 மீட்டர், டிரக்குக்கு 3.69. சாலையில் ஒரு மேடு வந்தால் முதலில் மூக்கு எழும், பிறகு வால் எழும். 110 கி.மீ. வேகத்தில் இந்த இரண்டு அடிக்கும் இடைவெளி மியாட்டாவில் ஒரு நொடியில் ஆயிரத்தில் 75 பங்கு, டிரக்கில் 120. சின்ன வண்டியில் அடுத்தடுத்து விழும் இரண்டு அடிகளும் உடம்புக்கு ஒரே தலையாட்டலாகத் தெரியும். சஸ்பென்ஷன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதை மறைக்க முடியாது. மியாட்டாவின் நான்கு சக்கரமும் தனித்தனியே அசைபவை, ஸ்பிரிங்குகளும் அவ்வளவு கடினமல்ல. இருந்தும் சிமென்ட் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கழுத்துக்குத் தெரிந்துவிடும்.

நீள வீல்பேஸ் இருப்பதால் டிரக் மெத்தை என்று எண்ண வேண்டாம். அதன் பின்புறம் லாரிகளில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங், நடுவில் டிஃபரென்ஷியலைச் சுமக்கும் முழு ஆக்சில். எழுநூறு கிலோ சுமை ஏறினாலும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்ட ஸ்பிரிங் அது. காலியாக ஓடும்போது பின்புற ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையும் ஏறக்குறைய அதே எழுநூறுதான். சுமை ஏறினால் எடை இரட்டிக்கும். ஊசலின் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், குலுங்கும் வேகம் 1.4-இல் ஒரு பங்காகக் குறைந்து ஆட்டம் மெதுவாகும். சுமை ஏற்றிய டிரக் பட்டுப்போல் போவதும், காலி டிரக் வேகத்தடையில் பின்னால் உதைப்பதும் இதனால்தான். ஆக, தினமும் காலியாக ஓட்டுபவர், அந்த வண்டி மிக மோசமாக நடந்துகொள்ளும் நிலையிலேயே அதை ஓட்டுகிறார்.

இன்னொரு வேடிக்கை சிமென்ட் நெடுஞ்சாலைகளில் நடக்கும். பலகைகளின் இணைப்புகள் வழக்கமாக 15 அடிக்கு ஒன்று, அதாவது 4.6 மீட்டர். 105 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் தட்டு விழும். டிரக்கின் கேபினும் தொட்டியும் ஒரே நீளச் சட்டகத்தின் மேல் தனித்தனியே உட்கார்ந்திருப்பவை. அந்தச் சட்டகம் வில்லைப்போல் வளைந்து நிமிரும் இயல்பு அதிர்வு இதற்கு அருகில் வந்தால் வண்டி முழுவதும் நடுங்கத் தொடங்கும். கலிபோர்னியாவில் இதற்கென்றே "ஃப்ரீவே ஹாப்" என்ற பெயர் வைத்திருக்கிறார்கள். டயரைப் பாலன்ஸ் செய்தும், ஷாக் அப்சார்பரை மாற்றியும் பணம் செலவழிப்பதற்கு முன், வேகத்தை 10 கி.மீ. கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் குற்றம் சாலையின் மேல்தான்.

இரைச்சலில் மியாட்டா தோற்கும், மறுப்பதற்கில்லை. துணிக்கூரை, 2,700 சுற்று எஞ்சின், பக்கத்து வண்டியின் டயர் காதுக்கு நேரே. கூரையைத் திறந்து போகும்போது காற்றுச் சத்தம் தொடர்ந்து இருப்பதால், நீண்ட பயணத்துக்கு நுரைக் காதடைப்பானைவிடச் சத்தத்தைச் சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் உதவும். ஆனால் காதை மூடி ஓட்டுவது சில மாநிலங்களில் சட்டப்படி தவறு, பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயரம்: பார்ப்பதும் படுவதும்

மியாட்டாவைத் தினமும் ஓட்டுவதில் உண்மையான குறை பெட்ரோலோ டிக்கியோ இல்லை. உயரம்தான். வண்டியின் கூரையே தரையிலிருந்து 1.23 மீட்டர். அமெரிக்கச் சட்டத்தில் ஹெட்லைட்டின் நடுப்புள்ளி 22 அங்குலத்திலிருந்து 54 அங்குலம் வரை எங்கும் இருக்கலாம். 54 அங்குலம் என்றால் 1.37 மீட்டர். மியாட்டாவின் கூரைக்கு மேலே ஹெட்லைட் வைத்த வண்டி சட்டப்படி சரியானதே என்று பொருள். இரவில் பின்னால் ஒரு டிரக் வந்து நின்றால், அதன் வெளிச்சம் மூன்று கண்ணாடிகளிலிருந்தும் சேர்ந்து கண்ணில் விழும்.

டிரக் ஓட்டுபவர் இதைத் தெரியாமலேயே மோசமாக்குவதும் உண்டு. சுமை ஏறும்போது சமமாகட்டும் என்று டிரக்கை வால் சற்று உயர்ந்த நிலையில்தான் தயாரிக்கிறார்கள். அழகுக்காகப் பலர் முன்பக்கத்தை இரண்டு அங்குலம், 5 செ.மீ., தூக்கிவிடுகிறார்கள். 3.69 மீட்டர் நீளத்தில் 5 செ.மீ. என்றால் முக்கால் டிகிரி சாய்வு. 30 மீட்டர் தூரத்தில் ஒளிக்கற்றை 40 செ.மீ. மேலே ஏறிவிடும். மூக்கைத் தூக்கிய அன்றே சமதளத்தில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்தைத் தாண்டாமல் திருகாணியை இறக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

மியாட்டாக்காரர் செய்யக்கூடியது: தானே மங்கும் உள் கண்ணாடி பொருத்துவது, பக்கக் கண்ணாடிகளை வெளிப்புறமாக நன்றாகத் திருப்பிவைப்பது. தலையை ஓட்டுநர் பக்கக் கண்ணாடிச் சன்னலில் சாய்த்து, இடக் கண்ணாடியில் நம் வண்டியின் விலா மயிரிழை தெரியும்வரை திருப்ப வேண்டும். பிறகு தலையை வண்டியின் நடுவுக்குக் கொண்டுவந்து வலக் கண்ணாடியையும் அதேபோல். நிமிர்ந்து உட்கார்ந்தால் நம் வண்டி எதிலும் தெரியாது, பின்வெளிச்சம் கண்ணில் படுவதும் குறையும், கூரை மூடியிருக்கும்போது மியாட்டாவின் பின்மூலைகளில் ஒளிந்துகொள்ளும் பக்கத்து வண்டியும் தெரியும்.

மோதலில் என்ன ஆகும் என்பதை உந்தம் ஈவிரக்கமின்றிச் சொல்லும். இரண்டும் 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், டிரக் போன திசையிலேயே இரண்டும் 17 கி.மீ. வேகத்தில் நகரும். டிரக்கில் இருப்பவரின் வேக மாற்றம் 33. மியாட்டாவில் இருப்பவருக்கு 67: முன்னால் 50 போனவர், நின்று, பின்னால் 17 தள்ளப்படுகிறார். வேக மாற்றம் இரண்டு மடங்கு என்றால் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. எத்தனை காற்றுப்பை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதைத் தாங்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தர மட்டுமே அவற்றால் முடியும். இதற்கு மேல் உயரப் பொருத்தமின்மை வேறு. அமெரிக்காவில் கார்களின் பம்பர் 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் காப்புத் தர வேண்டும் என்ற விதி உண்டு. டிரக்குகளுக்கு அது கிடையாது. கார் நிறுவனங்கள் 2003-இல் தாமாக ஓர் ஒப்பந்தம் செய்து, 2009-க்குள் டிரக்குகளின் முன்சட்டகத்தைக் கார்களின் உயரத்துக்கு ஒத்துப்போக வைத்தன. அதற்கு முந்தைய டிரக்குகளும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

டிரக்கின் உயரம் அதன் உள்ளிருப்பவரைக் காக்கிறது, நடந்து போகிறவரிடம் அதற்கான விலையை வாங்குகிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் பாதசாரியை இடித்தால், 30 அங்குலமும் அதற்குக் குறைவும் உயரம் கொண்ட சரிவான மூக்கு வண்டிகளைவிட உயிரிழப்புக்கு ஏறக்குறைய 45 சதவீதம் அதிக வாய்ப்பு என்று கண்டார்கள். தாழ்ந்த மூக்கு காலில் இடித்து ஆளைப் பானெட் மேல் புரட்டும். உயர்ந்த மூக்கு நெஞ்சில் இடித்துத் தரையில் தள்ளும். டிரக்கைத் தினசரி வண்டியாக எடுப்பவர் முன்பக்கக் கேமராவை அலங்காரமாக நினைக்கக் கூடாது. வீட்டு வாசலில் பானெட்டுக்கு முன் நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது.

குளிர்காலம்

"பனி ஊரில் ஸ்போர்ட்ஸ் காரா?" என்பார்கள். பிரச்சினை காரில் பாதி, டயரில் பாதி. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். உறைநிலையில் அது பிடிப்பில்லாத பிளாஸ்டிக் மாதிரி. நான்கு குளிர்கால டயர் போட்ட மியாட்டா, கோடை டயர் போட்ட எந்த நான்கு சக்கர இயக்க வண்டியையும்விடச் சீக்கிரம் நிற்கும். நான்கு சக்கர இயக்கம் கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மியாட்டா தோற்கும் இடம் வேறு: அடிவயிறு தரையிலிருந்து 13 செ.மீ. அளவில். பனி அதற்கு மேல் படிந்தால் வண்டி பனிமேல் ஏறிப் படுத்துக்கொள்ளும், சக்கரம் காற்றில் சுற்றும். டிரக்குக்கு 24 செ.மீ. உண்டு. தெருவில் பனி அகற்றும் வண்டி காலையிலேயே வந்துவிடும் ஊர் என்றால் மியாட்டா போதும். கிராமத்துச் சாலை என்றால் போதாது.

பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள காலி டிரக் பனியில் மியாட்டாவைவிட மோசம். எடையெல்லாம் முன்னால், இயக்கம் பின்னால். 60 பவுண்டு மணல் மூட்டை நான்கு, மொத்தம் 109 கிலோ, தொட்டியில் போடுவது பழைய வழக்கம். எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். சக்கர வளைவுகளுக்கு நடுவில், ஆக்சிலுக்கு நேர் மேலே. கடைசிக் கதவோரம், ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் போட்டால் அது நெம்புகோலாகி முன்சக்கரங்களின் மேல் இருக்கும் எடையில் 29 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் அந்த அளவுக்குப் பிடி இழக்கும். மூட்டைகள் நகராமல் மரச்சட்டம் அடித்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அவசர பிரேக்கில் கேபினை நோக்கி வரும். முன்-பின் தண்டுகளை இறுகப் பூட்டும் நான்கு சக்கர நிலையைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். வழுக்க வழியில்லாமல் தண்டுகள் முறுக்கேறி, டயரையோ, முன்-பின் தண்டுகளுக்குத் திறனைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையோ கெடுக்கும்.

சாலை உப்பு இரண்டையும் தின்னும். எஃப்-150-இன் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் கீழே சட்டகமும் பிரேக் குழாய்களும் இரும்பு. டிரக்கின் ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில் கம்பிக்கயிற்றில் தொங்கும். உப்பில் அந்தக் கயிறும் சுருட்டும் பொறியும் துருவேறி இறுகிவிடும். பஞ்சரான அன்று இறங்காது. ஆண்டுக்கு ஒரு முறை இறக்கி, கழுவி, எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும்.

மியாட்டாவில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சரை அடைக்கும் பசையும் சிறு கம்ப்ரஸரும் தருவார்கள். பசைக்குக் காலாவதித் தேதி உண்டு, அது பக்கச்சுவர் கிழிசலை அடைக்காது. 205/45 டயரின் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர். டிரக்கின் 275/65-க்கு 179. பனி உருகி உறைந்து சாலை குழிவிழும் மார்ச் மாதத்தில் எது கிழியும் என்று சொல்லத் தேவையில்லை. 16 அங்குலச் சக்கரமும் 195/50 டயரும் குளிர்காலத்துக்கு நல்லது. சுவர் கொஞ்சம் உயரம், ரப்பரும் மலிவு.

துணிக்கூரை மேல் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள துளை வழியே இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேறும். மரத்தடியில் நிறுத்தினால் இலைச்சருகு அதை அடைக்கும். நீர் உள்ளே திரும்பும், கம்பளம் ஊறும், சீட்டுக்குக் கீழே பூஞ்சை. ஆண்டுக்கு இரண்டு முறை வளைந்துகொடுக்கும் நைலான் நரம்பை விட்டுக் குடைந்து, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடலாம். பழைய மியாட்டாக்களின் கதவடிப் பகுதி பின்சக்கரத்துக்கு அருகே துருப்பிடித்து ஓட்டையாவதற்கு முக்கியக் காரணமும் இந்த அடைப்புதான். கூரையைப் பற்றி இன்னொன்று: உள்ளே எதையும் வைக்காமல், தெருவில் நிறுத்தும்போது பூட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டினால் திருடன் துணியைக் கிழிப்பான். கூரையின் விலை அவன் எடுக்கப்போவதைவிட அதிகம்.

நிறுத்துமிடமும் சுமையும்

அமெரிக்க நிறுத்துமிடக் கட்டம் பொதுவாக 9 அடிக்கு 18 அடி: 2.74 மீட்டருக்கு 5.49. டிரக்கின் நீளம் 5.88 மீட்டர், அகலம் கண்ணாடி இல்லாமலே 2.03. வால் 40 செ.மீ. வெளியே நிற்கும், கதவு திறக்க இரு பக்கமும் சேர்த்து 70 செ.மீ. 20 அடி ஆழமுள்ள வீட்டு கராஜில் வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சாண் மிச்சம். மியாட்டா 3.92 மீட்டர். எங்கும் நுழையும்.

சுமை என்று வரும்போது மியாட்டாவின் டிக்கி 130 லிட்டர். விமானத்தில் கையில் கொண்டுபோகும் பெட்டி இரண்டு. வாரத்து மளிகையும் அடங்கும், அரிசி மூட்டையைப் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தால். பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுக்க மாஸ்டா அனுமதிப்பதில்லை. குழந்தை உண்டென்றால் யோசிக்கவே வேண்டாம்: பின்நோக்கிய குழந்தை இருக்கையை இயங்கும் காற்றுப்பைக்கு முன் வைக்கக் கூடாது, மியாட்டாவில் வேறு இடமும் இல்லை.

டிரக்கின் தொட்டியில் சக்கர வளைவுகளுக்கு இடையே 128 செ.மீ. இருப்பதால் நான்கடி அகலப் பிளைவுட் பலகை படுத்துப் போகும். ஐந்தரை அடித் தொட்டியில் எட்டடிப் பலகை, பின்கதவைத் திறந்து போட்டாலும் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஆண்டுக்கு நான்கு தடவை பலகையும் பழைய சோபாவும் ஏற்றுவதற்காகத் தினமும் இரண்டு டன் ஓட்டுபவர், கட்டுமானப் பொருள் கடைகளில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் டிரக்கின் விலையை ஒரு முறை விசாரிப்பது நல்லது. மாதம் இரண்டு முறைக்கு மேல் குதிரையை ஏற்றிச் செல்லும் இழுவண்டியோ படகோ இழுப்பவருக்கு இந்தப் பேச்சே வேண்டாம், டிரக்தான்.

அவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் 14,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். இழுவண்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் செங்குத்தாக உட்காரும்; அது தொட்டிச் சுமையாகவே கணக்காகும். 14,000-இல் பத்து சதவீதம் 1,400 பவுண்டு. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், சொகுசு இருக்கை எல்லாம் சேர்ந்த டிரக்கின் மொத்தச் சுமைத்திறன் பல வேளைகளில் 1,500 முதல் 1,900 பவுண்டு. குடும்பம் ஏறி உட்கார்ந்ததும் கணக்கு தீர்ந்துவிடும். ஜல்லியும் அப்படியே: ஒரு கனகெஜம் 1,200 கிலோவுக்கு மேல், கடைக்காரர் ஒரே அள்ளாகக் கொட்டிவிடுவார், பின்சக்கரம் வளைவுக்குள் புதையும். அரைக் கனகெஜம் போடச் சொல்லி இரண்டு நடை போக வேண்டும். சரியான எண் விளம்பரத்தில் கிடைக்காது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில், ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை கிலோ என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சிட்டிருப்பார்கள். மியாட்டாவிலும் அதே இடத்தில் ஒன்று ஒட்டியிருக்கும். உடம்பு பெருத்த இருவர் உட்கார்ந்து டிக்கியை நிரப்புவதற்கு முன் அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.